வழங்கியிலிருந்து அலுவலக மென்பொருள் நிறுவுதல் – ஒரு திறனாய்வு

முப்பது கணினிகள் உள்ள ஓர் ஆய்வகத்தில் எல்லாக் கணினிகளுக்கும் அலுவலக மென்பொருள் வேண்டும் என்றால் இரண்டு வழிகள் உள்ளன. குறுவட்டையோ பென் டிரைவையோ எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கணினியாகப் போய் நிறுவலாம். அல்லது நிறுவல் கோப்புகளை ஒரே ஒரு வழங்கியில் (சர்வர்) பகிர்ந்த கோப்புறையாக வைத்து, எல்லாக் கணினிகளும் வலையமைப்பு வழியாக அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் செய்யலாம். இரண்டாவது வழிக்கு வலையமைப்பு நிறுவல் என்று பெயர். நேரம் மிச்சம், எல்லாக் கணினிகளிலும் ஒரே அமைப்பு, வட்டு தேய்ந்துபோகும் கவலை இல்லை என்று இதன் நன்மைகளைப் பாடநூல்கள் இரண்டு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். நடைமுறை அவ்வளவு எளிதாக இல்லை.

மைக்ரோசாப்ட் நிறுவனம் ஆபிஸ் தொகுப்பை வலையமைப்பில் நிறுவும் முறையைக் கடந்த கால் நூற்றாண்டில் அடிப்படையாகவே மூன்று முறை மாற்றியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் பழைய குறை ஒன்றைத் தீர்த்தது உண்மை. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆய்வகப் பொறுப்பாளரின் கையில் இருந்த அதிகாரம் ஒன்று நழுவிப்போனதும் உண்மை. இம்முறைகள் எல்லாம் நூற்றுக்கணக்கான கணினிகளும் தனிக் கணினிப் பிரிவும் உள்ள பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு பள்ளியோ சிறு கல்லூரியோ அவற்றைக் கையாளும்போது எங்கே பயன், எங்கே இடறல் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிர்வாக நிறுவல்: நல்ல யோசனை, நீண்ட கடன்

ஆபிஸ் 2000 தொகுப்போடுதான் ‘விண்டோஸ் இன்ஸ்டாலர்’ என்ற நிறுவல் இயந்திரம் அறிமுகமானது. இதன் கோப்புகள் எம்எஸ்ஐ என்ற பின்னொட்டு உடையவை. ஒரு மென்பொருளில் என்னென்ன பகுதிகள் உள்ளன, எந்தக் கோப்பு எங்கே போகவேண்டும், பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) என்ன எழுதவேண்டும் என்பதெல்லாம் அதற்குள் ஒரு தரவுத்தளமாகவே இருக்கும்.

வழங்கியில் ‘செட்டப் /ஏ’ என்ற கட்டளையை இயக்கினால் அது ‘நிர்வாக நிறுவல்’ ஆகும். பெயரைப் பார்த்து வழங்கியில் ஆபிஸ் நிறுவப்பட்டுவிட்டது என்று மாணவர்கள் எண்ணக்கூடாது. வட்டில் சுருக்கி வைக்கப்பட்டிருந்த கோப்புகள் பகிர்ந்த கோப்புறையில் விரித்து அடுக்கப்படுகின்றன, அவ்வளவுதான். நிறுவனத்தின் பெயரும் உரிமத் திறவுகோலும் அப்போதே ஒருமுறை பதியப்பட்டுவிடும். பிறகு ஒவ்வொரு கணினியும் அக்கோப்புறையிலிருந்து நிறுவலைத் தொடங்கும்போது 25 எழுத்துத் திறவுகோலை யாரும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அதை முப்பது முறை தட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இம்முறையின் சிறந்த அம்சம் மாற்றக் கோப்பு. எம்எஸ்டி என்ற பின்னொட்டு உள்ள இக்கோப்பில் ‘அக்சஸ் வேண்டாம், எக்செல் வேண்டும், கோப்புகளை இந்தக் கோப்புறையில் சேமி’ என்பது போன்ற தெரிவுகளை எழுதி வைக்கலாம். மூலக் கோப்பில் கை வைக்க வேண்டியதில்லை. ஆசிரியர் அறைக்கு ஒன்று, மாணவர் ஆய்வகத்துக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என ஒரே மூலத்தின்மேல் மூன்று மாற்றக் கோப்புகளைப் பொருத்தலாம். பாடநூல் ஒன்றே, வகுப்புக்கு வகுப்பு பாடக்குறிப்பு வேறு என்பது போல. பின்னால் வந்த எந்த முறையும் இந்தப் பிரிவினையை இவ்வளவு தெளிவாகச் செய்யவில்லை என்றே சொல்லவேண்டும்.

தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும் திறனும் இதில் இருந்தது. மாணவர் ஒருவர் தெரியாமல் வேர்டு நிரலின் முக்கியமான கோப்பொன்றை அழித்துவிட்டால், அடுத்தமுறை வேர்டைத் திறக்கும்போது இன்ஸ்டாலர் அந்தக் குறையைக் கண்டுபிடித்து, வழங்கியிலிருந்து அக்கோப்பை எடுத்துவந்து வைத்துவிடும். பலர் கைபடும் பள்ளி ஆய்வகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வசதி வேறில்லை.

ஆனால் இந்த வசதிக்குள்ளேயே இடறலும் இருக்கிறது. பழுதுபார்க்க வழங்கி வேண்டும் என்றால், நிறுவி முடித்த பிறகும் கணினி அந்த வழங்கியை நம்பியே வாழ்கிறது என்று பொருள். நிறுவிய நாளில் எந்தப் பாதையிலிருந்து கோப்புகள் வந்தனவோ அந்தப் பாதை ஒவ்வொரு கணினியின் பதிவேட்டிலும் எழுதப்பட்டிருக்கும். இரண்டு ஆண்டுகள் கழித்து வழங்கியின் பெயரை மாற்றினாலோ, கோப்புறையை வேறு வட்டுக்கு நகர்த்தினாலோ, முப்பது கணினிகளும் பழைய முகவரியைத் தேடி நிற்கும். தேடும் வலையமைப்பு வளம் கிடைக்கவில்லை, வேறு இடத்தைக் காட்டு என்று ஒரு பெட்டி திரையில் வரும். மாணவருக்கு அந்தப் பெட்டியில் என்ன எழுதுவது என்று எப்படித் தெரியும்?

‘முதல் பயன்பாட்டில் நிறுவு’ என்ற தெரிவு இச்சிக்கலை இன்னும் கூட்டியது. ஒரு பகுதியைக் கணினியிலேயே நிறுவலாம், வலையமைப்பிலிருந்தே இயக்கலாம், முதல்முறை தேவைப்படும்போது நிறுவலாம், கிடைக்காமலே செய்யலாம் என நான்கு நிலைகள் இருந்தன. வன்வட்டுகள் சிறியவையாக இருந்த காலத்தில் மூன்றாவது நிலை சிக்கனமாகத் தோன்றியது. சமன்பாட்டுத் திருத்தி இதற்கு நல்ல உதாரணம். ஆபிஸ் 2003 வழக்கமான நிறுவலில் அது கணினிக்கு வந்துவிடாது. கணித ஆசிரியர் வினாத்தாள் தயாரிக்க உட்கார்ந்து முதல் பின்னத்தை எழுத முயலும் அந்த நேரத்தில்தான் இன்ஸ்டாலர் வழங்கியைத் தேடிப் போகும். அன்று வழங்கி அணைந்திருந்தால் வினாத்தாள் நின்றுபோகும். வட்டில் சில மெகாபைட்டுகளை மிச்சப்படுத்த ஒரு ஆசிரியரின் மாலைப்பொழுதைச் செலவிடும் இத்தெரிவைப் பள்ளி ஆய்வகத்தில் யாரும் வைத்திருக்கக் கூடாது. மாற்றக் கோப்பிலேயே எல்லாவற்றையும் ‘கணினியில் நிறுவு’ என்று மாற்றிவிடுவதே சரி.

திருத்தங்கள் வந்தபோது

இம்முறையின் பெரிய குறை நிறுவிய நாளில் தெரியாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வரத் தொடங்கும்போதுதான் தெரியும்.

வழங்கியில் உள்ள விரித்த கோப்புகளின்மேல் திருத்தத்தைப் பூசலாம். அதன்பின் புதிதாக நிறுவப்படும் கணினிகள் திருத்திய ஆபிஸையே பெறும். கேட்க நன்றாக இருக்கிறது. ஏற்கெனவே நிறுவப்பட்ட கணினிகளின் நிலை என்ன? அவை ஒவ்வொன்றும் நிறுவும்போது எம்எஸ்ஐ கோப்பின் நகல் ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டுள்ளன. அந்த நகலில் பழைய பதிப்பின் விவரம்தான் இருக்கும். வழங்கியிலோ புதிய பதிப்பு. இரண்டும் பொருந்தாததால், பழுதுபார்க்கவோ விடுபட்ட பகுதியை நிறுவவோ அக்கணினிகள் வழங்கியை அணுகும்போது இன்ஸ்டாலர் மறுத்துவிடும். ஆசிரியர் கையில் திருத்திய பதிப்புப் புத்தகமும் மாணவர் கையில் பழைய பதிப்பும் இருக்க, ‘47-ஆம் பக்கத்தைத் திறங்கள்’ என்று சொன்னால் என்ன நடக்குமோ அதேதான்.

இதற்கு மருந்து உண்டு. வழங்கியைத் திருத்திய கையோடு ஒவ்வொரு கணினியிலும் மறுநிறுவல் கட்டளையை இயக்கி, பழைய நகலைக் களைந்து புதிய நகலை ஏற்கச் செய்யவேண்டும். அந்தக் கட்டளையோடு ‘வோமஸ்’ என்று ஐந்தெழுத்துச் சொல் ஒன்றைச் சேர்க்கவேண்டும். அது சொல்லே அல்ல. ஐந்து தனித்தனி ஆணைகளின் முதலெழுத்துகள். அவற்றுள் ‘வி’ என்ற ஒன்றை விட்டுவிட்டால் நகல் புதுப்பிக்கப்படாது, மீதி வேலை எல்லாம் வீண். இத்தனை முக்கியமான ஓர் அடியை இவ்வளவு மறைவான ஒரு குறியீட்டில் வைத்ததை நல்ல வடிவமைப்பு என்று சொல்ல முடியாது. திருத்தம் வரும்போதெல்லாம் முப்பது கணினிகளும் ஏறத்தாழ முழு ஆபிஸையும் மறுபடி இழுத்துக்கொள்ளவேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது.

விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியதே. சிரமத்துக்கு அஞ்சி வழங்கியைத் திருத்தாமலே விட்டுவிடுவது பலருக்கும் எளிதாக இருந்திருக்கும். அப்படி விட்ட இடங்களில் ஆபிஸ் நிறுவிய நாளின் ஓட்டைகளோடு ஆண்டுக்கணக்கில் ஓடும். வசதிக்காக வந்த முறை பாதுகாப்பைக் கெடுக்க வழிவிட்டது என்பதே இதன்மீதான முதன்மைக் குற்றச்சாட்டு.

வழங்கி என்ற பெயரில் ஒரு மேசைக் கணினி

பெரிய நிறுவனங்களின் கையேடுகள் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. சிறு ஆய்வகங்களில் ‘சர்வர்’ என்று அழைக்கப்படுவது பெரும்பாலும் மூலையில் இருக்கும் சாதாரண மேசைக் கணினிதான். அதில் வழங்கிக்குரிய இயக்குதளம் இருக்காது. விண்டோஸ் எக்ஸ்பி புரொபஷனல் ஒரே நேரத்தில் 10 கணினிகளை மட்டுமே தன் பகிர்ந்த கோப்புறைக்குள் அனுமதிக்கும். எக்ஸ்பி ஹோம் பதிப்பில் இது 5. விண்டோஸ் 7, விண்டோஸ் 10 ஆகியவற்றில் 20. முப்பது கணினிகளில் ஒரே மணியடித்ததும் நிறுவலைத் தொடங்கினால் சிலவற்றில் மட்டும் ‘இனி இணைப்பு தர இயலாது’ என்ற செய்தி வருவதன் காரணம் இதுவே. கம்பியும் சுவிட்சும் குற்றமற்றவை. இது தெரியாமல் கம்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு.

அடுத்த இடறல் பாதை. பகிர்ந்த கோப்புறையை ‘இசட்’ போன்ற ஓர் எழுத்தில் இணைத்துவிட்டு அங்கிருந்து நிறுவுவது பலருக்குப் பழக்கம். அந்த எழுத்து, உள்நுழைந்திருக்கும் பயனருக்கு மட்டும் உரியது. நிறுவும் சேவையோ பயனரின் பெயரில் இயங்காமல் கணினியின் சொந்தப் பெயரில் இயங்குகிறது. அதன் கண்ணுக்கு ‘இசட்’ என்று ஒன்று இல்லவே இல்லை. ஆகவே இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கி வழங்கியின் பெயர், பகிர்வின் பெயர் என எழுதும் முழுப்பாதையையே பயன்படுத்தவேண்டும். அப்பெயரையும் யோசித்து வைக்கவேண்டும். கணினியின் நிறுவனப் பெயரையோ அறை எண்ணையோ வைத்தால் அடுத்த ஆண்டு மாற்றத்தில் அது பொய்யாகிவிடும்.

டொமைன் என்னும் மைய நிர்வாக அமைப்பு இருந்தால், கணினி தொடங்கும்போதே ஓர் ஆணைக்கோப்பு இயங்கி நிறுவலை முடித்துவிடும். யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. அந்த அமைப்பு இல்லாத ஆய்வகத்தில் கணினியின் சொந்தப் பெயருக்கு வழங்கியில் அனுமதி கிடையாது. எனவே யாராவது ஒவ்வொரு கணினியிலும் நிர்வாகியாக உள்நுழைந்து கட்டளையைத் தரவேண்டும். கையில் வட்டு இல்லை என்பதைத் தவிர, முப்பது நாற்காலிகளையும் சுற்றிவருவது அப்படியே இருக்கிறது. வலையமைப்பு நிறுவலின் பெருமையைப் பேசுவோர் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது மாணவர்களுக்குத் தவறான எண்ணத்தையே தரும்.

ஆபிஸ் 2003, ஆபிஸ் 2007: மறைவான கோப்புறை

ஆபிஸ் 2003-இல் வேறொரு வழி திறக்கப்பட்டது. வட்டில் உள்ள சுருக்கிய கோப்புகளை விரிக்காமல் அப்படியே வழங்கியில் நகலெடுத்து வைத்து அங்கிருந்து நிறுவினால், கணினியின் வன்வட்டில் ‘எம்எஸ்ஓகேஷ்’ என்ற மறைவான கோப்புறையில் நிறுவல் கோப்புகளின் நகல் ஒன்று தங்கிவிடும். பழுதுபார்க்கவும் விடுபட்டதை நிறுவவும் கணினி தன் நகலையே பயன்படுத்தும். வழங்கி அணைந்திருந்தாலும் கணித ஆசிரியரின் வினாத்தாள் நிற்காது. திருத்தங்களையும் ஒவ்வொரு கணினியிலும் நேரடியாகப் போடலாம், வழங்கியின் நகலோடு முரண்படாது. மேலே சொன்ன இரண்டு பெரிய குறைகளும் இதனால் தீர்ந்தன. விலை, ஒவ்வொரு வன்வட்டிலும் சில நூறு மெகாபைட்டு இடம். அது நியாயமான விலையே. இடத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு, பிறகு ஆபிஸ் வட்டைக் கேட்கிறது என்று புலம்புவது வேறு கதை.

ஆபிஸ் 2007 வந்தபோது ‘செட்டப் /ஏ’ நீக்கப்பட்டது. எல்லாருக்கும் மறைவான கோப்புறை முறையே கட்டாயமானது. மாற்றக் கோப்பின் இடத்தில், திருத்தங்களுக்கு உரிய எம்எஸ்பி வகைக் கோப்பிலேயே தெரிவுகளையும் எழுதும் ஏற்பாடு வந்தது. அதை ‘அப்டேட்ஸ்’ என்ற கோப்புறையில் வைத்தால் நிறுவும்போது தானே எடுத்துக்கொள்ளும். வரும் திருத்தங்களையும் அதே கோப்புறையில் போட்டு வைத்தால் புதிய கணினிகள் திருத்திய நிலையிலேயே நிறுவப்படும்.

இந்தப் பெயர்தான் பலரை ஏமாற்றியது. அக்கோப்புறை முதல் நிறுவலின்போது மட்டுமே பார்க்கப்படும். ஏற்கெனவே நிறுவப்பட்ட கணினிகள் அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. மாதந்தோறும் அதில் திருத்தங்களைக் கவனமாகச் சேர்த்துவிட்டு ஆய்வகம் முழுவதும் திருத்தப்பட்டுவிட்டது என்று நம்பியிருந்தால் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. நோக்கம் ஒன்று, பெயர் ஒன்று என இருக்கும் ஒரு கோப்புறையால் வரும் தீங்கு சிறியதல்ல.

கிளிக்-டு-ரன்: வழங்கி மீண்டும் வந்தது, சாவி வெளியே போனது

2013-க்குப் பின் எம்எஸ்ஐ முறை மெல்ல விலக்கப்பட்டு ‘கிளிக்-டு-ரன்’ முறை வந்தது. ஆபிஸ் 2019 முதல் இது ஒன்றே வழி. ‘ஆபிஸ் டெப்லாய்மென்ட் டூல்’ என்ற சிறு கருவியை இறக்கி, ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் தெரிவுகளை எழுதவேண்டும். ‘செட்டப் /டவுன்லோடு’ என்றால் கோப்புகள் இணையத்திலிருந்து வழங்கிக்கு வரும். ‘செட்டப் /கான்ஃபிகர்’ என்றால் வழங்கியிலிருந்து கணினிக்குப் போகும். கட்டளைகள் இரண்டே. கற்பிக்கவும் எளிது. பழைய பதிப்பை நீக்குவதையும் அதே கோப்பில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். எளிமையில் இது முந்தைய முறைகளை விஞ்சுகிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

எக்ஸ்எம்எல் கோப்பில் இரண்டு பாதைகளைத் தனித்தனியே எழுதவேண்டும் என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டிய இடம். கோப்புகள் எங்கிருந்து வரவேண்டும் என்பது ஒன்று. பின்னாளில் திருத்தங்கள் எங்கிருந்து வரவேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை எழுத மறந்தால், கருவி தன் பக்கத்தில் கோப்புகளைத் தேடிவிட்டு, கிடைக்காதபோது நேரே இணையத்துக்குப் போய்விடும். பிழைச்செய்தி வராது. நிறுவலும் வெற்றியாகவே முடியும். இரண்டாவதை மறந்தால், வழங்கியிலிருந்து நிறுவிய அதே கணினிகள் திருத்தங்களுக்காக ஒவ்வொன்றும் தனித்தனியே இணையத்துக்குப் போகும். இரண்டு தவறுகளும் சத்தமில்லாதவை. மாதக் கடைசியில் இணையத் தரவு தீர்ந்துபோகும்போதுதான் தெரியவரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நிறுவல் கோப்புகள் 2.5 ஜிபி என்று வைத்துக்கொண்டால் முப்பது கணினிகளுக்கு 75 ஜிபி. வழங்கியின் வலையமைப்பு வேகம் நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஏட்டளவில் 12.5 மெகாபைட்டு, நடைமுறையில் 10 என்று கொள்ளலாம். 75,000 மெகாபைட்டை 10 ஆல் வகுத்தால் 7,500 நொடி, அதாவது இரண்டு மணி ஐந்து நிமிடம். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். இதே 75 ஜிபி நொடிக்கு 10 மெகாபிட் இணைய இணைப்பு வழியாக வரவேண்டும் என்றால் 60,000 நொடி ஆகும். இது பதினாறு மணி நேரத்துக்கும் மேல். எக்ஸ்எம்எல் கோப்பில் விடுபட்ட ஒரு வரியின் விலை இதுதான்.

உரிமம் பற்றிய பகுதியில்தான் இம்முறை பள்ளிக்குப் பெரிதும் அந்நியமாகிறது. ஆபிஸ் 2003 வரை மொத்த உரிமத் திறவுகோல் இருந்தால் வேறு சரிபார்ப்பு இல்லை. அத்திறவுகோல்கள் கசிந்து திருட்டு நகல்கள் பெருகியதால் அந்தச் சலுகை போனது. நியாயமான காரணம்தான். இன்று சந்தா முறையிலான மைக்ரோசாப்ட் 365, 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொட்டு உரிமத்தை உறுதிசெய்யவேண்டும். இல்லையென்றால் கோப்புகளைத் திறந்து பார்க்கலாம், எழுத முடியாது. கோடை விடுமுறை 30 நாளுக்கு மேல் நீள்வது என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். பள்ளி திறந்த முதல் நாள் இணையம் இல்லாத ஆய்வகத்தில் எழுத முடியாத வேர்டுதான் மாணவரை வரவேற்கும்.

சந்தா இல்லாத மொத்த உரிமப் பதிப்புகளும் உள்ளன. அவற்றை வளாகத்துக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பு வழங்கி வைத்து உறுதிசெய்யலாம். அந்த வழங்கி குறைந்தது 5 கணினிகள் அணுகிய பிறகே ஆபிஸுக்கு அனுமதி தரத் தொடங்கும். பெற்ற அனுமதி 180 நாள் செல்லும், இடையில் தானே புதுப்பித்துக்கொள்ளும். முப்பது கணினி உள்ள இடத்துக்கு இது ஒத்துவரும். நான்கே கணினி உள்ள கிராமப்புறப் பள்ளிக்கு ஒத்துவராது. அவர்களுக்குக் கணினிக்கு ஒருமுறை இணையத்திலோ தொலைபேசியிலோ உறுதிசெய்யும் திறவுகோலே வழி.

முன்பு வழங்கியில் கோப்புகள் இருந்தால் ஆபிஸ் கையில் இருந்தது. இன்று கோப்புகள் வழங்கியில் இருந்தாலும் அவற்றை இயக்கும் அனுமதி வெளியே இருக்கிறது. பகிர்ந்த கோப்புறை என்பது இறக்குமதி நேரத்தை மிச்சப்படுத்தும் கிடங்கு என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

ஸ்டார் ஆபிஸ் முதல் லிப்ரெ ஆபிஸ் வரை

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இந்தப் பகுதி நெருக்கமானது. மேல்நிலை வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் முன்பு ஸ்டார் ஆபிஸ் இடம்பெற்றிருந்தது. 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூல் ஓபன் ஆபிஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரஸ் ஆகியவற்றைக் கற்பிக்கிறது. ஆகவே இங்கே உள்ள பள்ளி ஆய்வகத்துக்கு இவற்றை வலையமைப்பில் நிறுவத் தெரிந்திருப்பது கட்டாயத் தேவை என்றே கொள்ளலாம்.

ஓபன் ஆபிஸின் தொடக்கப் பதிப்புகளில் ‘செட்டப் -நெட்’ என்ற கட்டளை இருந்தது. நிரல் முழுவதும் வழங்கியிலேயே இருக்கும். பயனரின் கணினிக்குச் சில மெகாபைட்டு அமைப்புக் கோப்புகள் மட்டும் வரும். சிறிய வன்வட்டுக் காலத்துக்கு ஏற்றது, ஆனால் வழங்கி நின்றால் ஆய்வகமே நிற்கும். 2005-இல் வந்த 2.0 பதிப்பு அதைக் கைவிட்டு, விண்டோஸில் எம்எஸ்ஐ முறைக்கு மாறியது. 2010-இல் ஓபன் ஆபிஸிலிருந்து பிரிந்த லிப்ரெ ஆபிஸும் அதே முறையைத் தொடர்கிறது.

லிப்ரெ ஆபிஸ் ஒரே எம்எஸ்ஐ கோப்பாகக் கிடைக்கிறது. அளவு ஏறத்தாழ 350 எம்பி. மேலே போட்ட அதே கணக்கில் முப்பது கணினிகளுக்கு 10,500 எம்பி, அதாவது பதினெட்டு நிமிடத்துக்குள் முடியும். ஒரு பாடவேளை கூடத் தேவையில்லை. திறவுகோல் இல்லை, சரிபார்ப்பு இல்லை, 30 நாள் கணக்கு இல்லை. கோப்பு வழங்கியில் இருக்கும்வரை இணையம் இல்லாமலே எத்தனை முறையும் நிறுவலாம். விரித்து வைக்கும் பழைய ‘/ஏ’ முறையும் எம்எஸ்ஐ வழியே இன்னும் வேலை செய்கிறது. மைக்ரோசாப்ட் கைவிட்ட வசதியை மைக்ரோசாப்டின் இயந்திரத்தையே கொண்டு போட்டியாளர் காப்பாற்றி வருவது சற்று வேடிக்கைதான்.

குறைகளையும் சொல்லவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு ஏறத்தாழ ஒன்பது மாதமே. ஒரு கல்வியாண்டு முழுவதும் ஒரே பதிப்பை வைத்திருக்க விரும்பும் பள்ளிக்கு இது மிகக் குறைவு. வழங்கியில் புதிய எம்எஸ்ஐ கோப்பை வைத்தால் கணினிகள் தாமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு மென்பொருளில் இல்லை. டொமைன் இருந்தால் அதன் வழியே அனுப்பலாம். இல்லாவிட்டால் மறுபடியும் முப்பது நாற்காலிகள்தான். புதிய பதிப்பு வந்துள்ளது என்று மாணவர் திரையில் வரும் அறிவிப்பும் பயனற்றது, நிறுவும் உரிமை மாணவர் கணக்குக்குக் கிடையாது. நிறுவும் கட்டளையிலேயே அந்த அறிவிப்பை நிறுத்திவிட முடியும். ஓர் ஆபிஸ் கோப்பை மற்றொன்றில் திறக்கும்போது அட்டவணைகளும் பக்க அமைப்பும் குலைவது தனிச்சிக்கல். அது நிறுவலோடு சேர்ந்ததல்ல.

தமிழ் வசதி

மொழியைத் தேர்வதும் நிறுவல் நேரத்து வேலையே. லிப்ரெ ஆபிஸின் விண்டோஸ் எம்எஸ்ஐ கோப்பில் எல்லா மொழிகளும் சேர்ந்தே வருகின்றன. கட்டளையோடு ஆங்கிலம், தமிழ் ஆகியவற்றின் குறியீடுகளைச் சேர்த்தால் இரு இடைமுகங்களும் ஒருசேர நிறுவப்படும். அபாச்சி ஓபன் ஆபிஸில் மொழிக்கு ஒரு தனிக்கோப்பு இறக்கவேண்டும். மைக்ரோசாப்ட் ஆபிஸில் தமிழ் ‘பகுதி மொழி’ என்ற வகையில் வைக்கப்பட்டுள்ளது. எனவே தமிழை மட்டும் எழுதி நிறுவ முடியாது. எக்ஸ்எம்எல் கோப்பில் முதலில் ஆங்கிலம் போன்ற முழு மொழியொன்றும் அடுத்துத் தமிழும் வரவேண்டும். இந்த வரிசையைத் தவறவிட்டுத் தமிழ் வரவில்லை என்போர் கோப்பை மறுபடி பார்ப்பது நல்லது.

இடைமுகம் தமிழில் வந்துவிட்டதால் தமிழில் தட்டச்சு செய்ய முடியும் என்று பொருளல்ல. தமிழ் 99 விசைப்பலகையோ அதற்கான செயலியோ, பழைய ஆவணங்களுக்கு வேண்டிய ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களோ எந்த ஆபிஸ் தொகுப்போடும் வருவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிவதற்கே இயக்குதள வட்டிலிருந்து கூடுதல் கோப்புகளை நிறுவவேண்டியிருந்தது. இன்று அந்தத் தேவை இல்லை. இருந்தாலும் விசைப்பலகைச் செயலியின் நிறுவல் கோப்பையும் எழுத்துருக்களையும் அதே பகிர்ந்த கோப்புறையில் வைத்து, ஆபிஸ் நிறுவும் ஆணைக்கோப்பின் கடைசி வரிகளில் அவற்றையும் சேர்த்துவிட்டால், தமிழாசிரியர் தனியாக ஒரு நாள் ஆய்வகத்துக்கு வந்து காத்திருக்க வேண்டியதில்லை.